அப்பாவோடு வெளியே போவது

அம்மா இருந்தவரை எங்களை யாரும் தப்பாக நினைத்ததில்லை. அம்மா நல்ல உயரம். வைக்கோல் நிறத் தலைமுடி, கடைக்குள் நுழைந்தாலே கடைசி மூலைவரை கேட்கிற குரல். அவளும் அப்பாவும் நடக்க, கூடவே நானும் போனால், பார்க்கிறவர்களுக்கு விஷயம் உடனே புரிந்துவிடும்: வெள்ளைக்காரத் தம்பதி, கொரியாவிலிருந்து தத்தெடுத்த பிள்ளை. மின்னசோட்டாவில் எங்களைப் போன்ற குடும்பங்கள் நிறைய. எங்கள் தேவாலயத்து ஞாயிறு வகுப்பிலேயே என்னையும் சேர்த்து நாலு பேர் இருந்தோம். ஐந்து மாதக் கைக்குழந்தையாக சியோலிலிருந்து விமானத்தில் வந்த எனக்கு பெரிட் எங்கெப்ரெட்சன் என்று நார்வேக்காரப் பெயர் வைத்து, டுலூத் நகரத்து மேட்டுத் தெருவில் வளர்த்தார்கள். கொரிய மொழியில் எனக்கு வணக்கம் சொல்லக்கூட வராது.

அம்மாவைக் கணையப் புற்றுநோய் நாலே மாதத்தில் கொண்டுபோய்விட்டது. அதற்கப்புறம் நானும் அப்பாவும்தான். எனக்கு முப்பது வயது, அவருக்கு அறுபத்தாறு.

அந்த வருஷம் அவருடைய பிறந்தநாளுக்கு ஏரிக்கரை ஓட்டல் ஒன்றுக்குக் கூட்டிப்போனேன். பரிமாற வந்த பெண் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தபடி, "இன்னிக்கு என்ன விசேஷம், கல்யாண நாளா?" என்று கேட்டாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவ என் பொண்ணும்மா" என்றார். அந்தப் பெண்ணின் முகம் சிவந்துபோய், மன்னிப்புக் கேட்டு, இலவசமாக ஒரு கேக் துண்டு கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாரம் அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்தது வடக்கே ஒரு மீன்பிடி விடுதியில். வருஷா வருஷம் மூன்று பேரும் போகிற ஊர்தான், ஆனால் விடுதி புதிது. இரண்டு கட்டில் கேட்டு எழுதியிருந்தேன். வரவேற்பு மேசையில் இருந்தவன் ஒரே கட்டில் போட்ட அறையின் சாவியை நீட்டினான். இரண்டு கட்டில் வேண்டும் என்றேன். அவன் என்னைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "என்ன சார், சண்டையா?" என்றான். அப்பாவுக்குக் காது பாதிதான் கேட்கும். இரும்புத்தாது ஏற்றும் துறைமுகத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவர். "ஆமா, நாளைக்குக் கொஞ்சம் குளிரும்னு சொல்றாங்க" என்று பதில் சொன்னார்.

மூன்றாவதைத்தான் என்னால் மறக்கவே முடியவில்லை. அந்தப் பயணம் முடிந்து திரும்பும்போது ஒரு பெட்ரோல் பங்க். வண்டிக்குப் பின்னால் இழுவையில் எங்கள் படகு. அப்பா பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார், நான் படகுக் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குழாயில் நின்ற ஐம்பது வயசு ஆள் ஒருத்தன் அப்பாவிடம் என் பக்கம் தாடையைக் காட்டி, "பெரியவரே, அருமையா இருக்கே. எங்க புடிச்சீங்க?" என்றான்.

அப்பா திரும்பிப் பார்த்தார். நான் படகுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். அவர் கண்ணுக்குப் படகுதான் தெரிந்திருக்கிறது.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர்கிட்ட. செகண்ட் ஹேண்டுதான்" என்றார்.

"ஓ, முன்னாடியே ஒருத்தர் வெச்சிருந்ததா?"

"ஆமா. அவர் சரியாப் பார்த்துக்கலை. நல்லாப் பார்த்துக்கிட்டா இன்னும் இருபது வருஷம் ஓடும்."

அந்த ஆள் சிரித்த சிரிப்பில் குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டான். "எனக்கும் ஒண்ணு பார்த்துச் சொல்லுங்க பெரியவரே."

"கோடை முடியட்டும். அப்ப சல்லிசாக் கெடைக்கும்" என்றார் அப்பா.

நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். "அப்பா" என்று ஒரு குரல் கூப்பிட்டிருக்கலாம். படகைச் சொல்கிறார் என்றாவது கத்தியிருக்கலாம். வாய் வரவில்லை. வண்டி நெடுஞ்சாலையில் ஏறிய பிறகு அப்பா, "நல்ல மனுஷன், இல்ல?" என்றார். "ம்" என்றேன்.

அதற்கப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்தது. வெளியே போனால் வாக்கியத்துக்கு ஒரு அப்பா போடுவேன், சத்தமாக. "அப்பா, அந்த உப்பை எடுங்கப்பா. அப்பா, மழை வருமாப்பா?" கடையில் பொருள் எடுக்கும்போது, "அம்மா இந்தச் சோப்புதானேப்பா வாங்குவாங்க?" என்பேன், பக்கத்தில் நிற்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரி. அப்பா முதலில் கவனிக்கவில்லை. பிறகு ஒருநாள், "நீ என்ன, அஞ்சு வயசுப் பிள்ளை மாதிரி அப்பா அப்பாங்கிறே?" என்று சிரித்தார். அம்மா போன துக்கத்தில் எனக்கு அவர்மேல் பாசம் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

உடையையும் மாற்றினேன். பாவாடை, உதட்டுச்சாயம் எல்லாம் நின்றுபோனது. கல்லூரிப் பெயர் போட்ட தொளதொள மேல்சட்டைதான் எப்போதும். முடியைக் காதோடு வெட்டிக்கொண்டேன். அப்படியும் பிரயோஜனமில்லை. முடி வெட்டிய வாரமே கடையில் ஒரு கிழவர், அப்பாவைவிட வயசானவர், என் காதருகே வந்து, "அவரு போனப்புறம் என்னை ஞாபகம் வெச்சுக்கோ" என்றார். அப்பா அப்போது அடுத்த வரிசையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மெல்ல மெல்ல உடம்பும் கேட்காமல் போனது. சனிக்கிழமை அப்பாவோடு காலைச் சாப்பாடு என்றால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே நெஞ்சு படபடக்கும். எந்த ஓட்டலில் எங்களைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், எந்த மேசை வாசலிலிருந்து பார்த்தால் தெரியாது என்று மனசு ஓடிக்கொண்டே இருக்கும். நான் வேலை பார்ப்பது ஊர்க் குடிநீர் ஆய்வுக்கூடத்தில். ஏரித் தண்ணீரைக் குப்பிகளில் பிடித்துச் சோதிக்கிற வேலை. கை நடுக்கத்தில் ஒரே வாரத்தில் மூன்று குப்பிகளைத் தவறவிட்டேன். மேலாளர் கூப்பிட்டு, "வீட்ல எல்லாம் சரிதானே?" என்று கேட்டார். சரிதான் என்றேன். வேறு என்ன சொல்ல? என் அப்பாவை என் புருஷன் என்று ஊர் நினைக்கிறது, அதுவும் என்னைக் காசு கொடுத்து வாங்கிவந்த புருஷன் என்று நினைக்கிறது என்றா?

அதே சமயத்தில் டிராவிஸ் என்று ஒருவனோடு இரண்டு மாதம் பழகிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட வாத்தியார், அமைதியானவன். ஒருநாள் அவன் வீட்டில் ஏதோ பேச்சுக்கு நான் வாய்விட்டுச் சிரித்தபோது, "உன்னைப் பார்த்தப்ப நீ இப்படிச் சத்தமாச் சிரிக்கிற பொண்ணுன்னு நெனைக்கவே இல்லை" என்றான். பாராட்டுகிறான் என்றுதான் நினைத்தேன். அப்புறம், "உனக்கு முன்னாடி நான் பழகினவங்க ரெண்டு பேரும் ரொம்ப மென்மையா இருப்பாங்க" என்றான். ஒருத்தி ஜப்பான்காரி, ஒருத்தி தாய்லாந்துக்காரி. "உங்க பொண்ணுங்கமேலதான் எனக்கு எப்பவுமே ஒரு இது" என்று வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னான். உங்க பொண்ணுங்க என்றால் யார் என்று நான் கேட்டதற்கு, கோபமா என்று கேட்டான். கோபமில்லை என்றேன். மறுநாள் அவன் எண்ணை அழித்தேன். அவன் நாலு தடவை செய்தி அனுப்பினான். கடைசிச் செய்தியில், நான் நல்லவனாகத்தானே இருந்தேன், என்ன தப்பு செய்தேன் என்று கேட்டிருந்தான். எனக்கும் அதுதான் எரிச்சல். இதுதான் தப்பு என்று விரல் நீட்டிக் காட்ட ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் நான் சொல்லக்கூடிய ஒரே ஆள் க்வென். என்னைப்போலவே கொரியாவிலிருந்து வந்தவள், ஞாயிறு வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், இப்போது செயின்ட் பாலில் பல் மருத்துவர். போனில் எல்லாவற்றையும் கேட்டாள்.

"எனக்கு அந்தப் பிரச்சனை இல்லைடி" என்றாள். "எங்கப்பா குள்ளம். அவரோட போனா என்னை வீட்டு வேலைக்காரின்னு நெனைப்பாங்க. போன மாசம் ஒரு அம்மா என்கிட்ட, மணிக்கு எவ்வளவு வாங்கறே, எங்கம்மாவையும் பார்த்துக்க முடியுமான்னு கேட்டாங்க. எது மேல்னு நீயே சொல்லு."

"வேலைக்காரியே மேல்."

"ஒரு பனியன் அடிச்சுத் தரேன். 'இந்த ஆள்தான் எனக்கு ஜட்டி மாத்திவிட்டவர்'னு கொட்டை எழுத்துல போட்டு."

"வேணாம். அதுக்கும் வேற அர்த்தம் எடுப்பாங்க."

இரண்டு பேரும் மூச்சு முட்டச் சிரித்தோம். போனை வைத்த பிறகு குளியலறையில் உட்கார்ந்து அழுதேன்.

அம்மா போய் மூன்றாவது வருஷம் அப்பாவுக்கு முட்டி மாற்று அறுவை சிகிச்சை என்று முடிவானது. அறுவைக்கு முன்னால் ஒரு வகுப்பு வைப்பார்கள். நோயாளியும் வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரும் சேர்ந்து வரவேண்டும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் ஒரு அறை. பத்துப் பன்னிரண்டு ஜோடி. எல்லாரும் அறுபது தாண்டியவர்கள், என்னைத் தவிர. நாங்கள் உள்ளே போனதும் பேச்சு கொஞ்சம் அடங்கி, மறுபடி தொடங்கியது. நான், "அப்பா, இங்க உக்காருங்கப்பா" என்றேன். ஆனால் பாடம் நடத்தவேண்டிய நர்ஸ் அப்போது இன்னும் அறைக்கு வரவில்லை.

அந்த அம்மா நல்லவர்தான். மாத்திரை, ஊன்றுகோல், படியேறுவது எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். கடைசியில் ஒரு தாளை எல்லாருக்கும் கொடுத்துக்கொண்டே வந்தார். அறுவைக்குப் பிறகு தாம்பத்தியத்தை எத்தனை வாரம் கழித்து ஆரம்பிக்கலாம், எப்படிப் படுத்தால் முட்டிக்கு நல்லது என்று கோட்டுப்படம் போட்ட தாள். எங்களிடம் வந்தபோது அதை என் கையில் கொடுத்து, "உங்க வீட்டுக்காரர் அவசரப்படாமப் பார்த்துக்கோங்க, அது உங்க பொறுப்பு" என்று கண்ணைச் சிமிட்டினார்.

பின்னாலிருந்து ஒரு ஆண்குரல், "அவருக்கு எங்க ஆறு வாரம் பொறுக்கப்போகுது" என்றது. அறை முழுக்கச் சிரிப்பு. பெண்களும் சிரித்தார்கள். அப்பாவுக்கு எதுவும் விளங்கவில்லை. எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அவரும் சிரித்தார், என் தோளில் தட்டிக்கொண்டு.

நான் எழுந்து வெளியே வந்தேன். எந்தப் பக்கம் போனேன் என்று தெரியாது. வண்டி நிறுத்தும் கட்டடத்தின் நாலாவது தளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. விரல்கள் மரத்துவிட்டன. செத்துப்போய்விடுவேன் என்று நிஜமாகவே நினைத்தேன். மார்ச் மாதம், ஏரியிலிருந்து காற்று கத்திபோல வந்துகொண்டிருந்தது. கோட்டை அறையிலேயே விட்டு வந்திருந்தேன்.

முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். கீழேயிருந்து படிகளில் ஒரு கால் மட்டும் அழுந்திவைக்கிற சத்தம் கேட்டது. அப்பா ஒவ்வொரு தளமாகத் தேடி, அந்த முட்டியோடு படியேறி வந்திருந்தார். கையில் என் கோட்டு. முகம் சாம்பலாகி இருந்தது. என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. எங்கள் ஊர் ஆண்கள் கேட்க மாட்டார்கள். "காத்தடிக்குது. வண்டியில உக்காரு" என்றார்.

அறுவை நாளன்று நான் போகவில்லை. துறைமுகத்தில் அவரோடு வேலை பார்த்த டுவேனைக் கூட்டிப்போகச் சொன்னேன். ஆய்வுக்கூடத்தில் லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். வீட்டுக்கு வந்தபின் தினமும் சாயங்காலம் போய்ச் சமைத்துக் கொடுத்தேன், மருந்து எடுத்து வைத்தேன், காலுக்கு ஐஸ் கட்டினேன். வீட்டுக்குள் எல்லாம் செய்வேன். உடற்பயிற்சிக்கு வாரம் இரண்டு தடவை வெளியே கூட்டிப்போவது மட்டும் டுவேனுடைய வேலை.

ஆபீசில் ஆறு தடவை இலவசமாக ஆலோசகரைப் பார்க்கலாம் என்று இருந்தது. போனேன். ஐம்பது வயசு வெள்ளைக்கார அம்மா, மென்மையான குரல், மேசையில் டிஷ்யூ பெட்டி. நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்ரோல் பங்க் கதையைச் சொல்லும்போது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது.

"மத்தவங்க மனசுல என்ன ஓடுதுன்னு நமக்கு நிச்சயமாத் தெரியாது இல்லையா, பெரிட்?" என்றார். "அம்மா போன துக்கம்தான் இப்படி வேற வேஷத்துல வருதோ?"

"அந்த ஆள் எங்க புடிச்சீங்கன்னு கேட்டான். அது என் துக்கத்தோட வேஷமா?"

"நான் அப்படிச் சொல்லலை. இந்தக் கோபத்துக்குக் கீழ என்ன இருக்குன்னு பார்க்கலாமேன்னு சொல்றேன்."

"கோபத்துக்குக் கீழயும் கோபம்தான் இருக்கு."

அவர் எதையோ குறித்துக்கொண்டார். இரண்டாவது தடவை போனபோது மூச்சை எண்ணி விடுவதற்குச் சொல்லிக்கொடுத்தார். அது கொஞ்சம் உதவியது, பொய் சொல்லக்கூடாது. மூன்றாவது தடவை, தன் அப்பாவோடு போனபோது தன்னையும் ஒருமுறை யாரோ மனைவி என்று நினைத்ததாகவும், அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருமென்றும் சொன்னார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார். நாலாவது தடவைக்கு நான் போகவில்லை. க்வென் ஒரு கொரியப் பெண் ஆலோசகரின் எண்ணைக் கொடுத்தாள். அவருக்கு ஐந்து மாதக் காத்திருப்பு.

மே மாதம் ஒருநாள் சாயங்காலம் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அப்பா ஊன்றுகோலோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"டுவேனுக்கு முதுகுவலி. வியாழக்கிழமை நீ கூட்டிட்டுப் போறியா?"

"வேலை இருக்குப்பா."

"நான் உன்னை என்ன பண்ணேன், குட்டி?"

சின்ன வயசுக்குப் பிறகு அவர் குட்டி என்று கூப்பிட்டதில்லை. நான் குழாயை மூடினேன். கை ஈரத்தோடு அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாண நாள், ஒற்றைக் கட்டில், கடைக் கிழவர், முட்டி வகுப்பில் எதற்குச் சிரித்தார்கள் என்பது. அவர் முதலில் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார்.

"சேச்சே. யாரும் அப்படி நெனைக்க மாட்டாங்க. நம்ம ஊரு ஜனங்க அப்படிக் கெடையாது."

"நெனைக்கிறாங்கப்பா."

"நீயா நெனைச்சுக்கிறே."

"பெட்ரோல் பங்க்ல ஒருத்தர் எங்க புடிச்சீங்கன்னு கேட்டாரே, ஞாபகம் இருக்கா? படகைக் கேட்கலை அவரு."

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பேச்சை அவர் வரிவரியாக நினைவுக்குக் கொண்டுவருவது எனக்குத் தெரிந்தது. உதடு அசைந்தது. "செகண்ட் ஹேண்டுன்னு சொன்னேனே" என்றார். வெகுநேரம் கழித்து, "சல்லிசாக் கெடைக்கும்னு வேற சொன்னேன்" என்றார். பிறகு எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சொன்னால் பாரம் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை. அவர்தான் மாறிப்போனார். வியாழக்கிழமை நானே கூட்டிப்போனேன். வண்டியிலிருந்து இறங்க என் கையைப் பிடிக்கவேண்டியவர், கதவைப் பிடித்துக்கொண்டு தானே தடுமாறி இறங்கினார். நடக்கும்போது மூன்றடி தள்ளி நடந்தார். வரவேற்பில் பெயர் கேட்பதற்கு முன்பாகவே, "இது என் மகள், தத்தெடுத்த மகள், முப்பத்தி மூணு வருஷமா" என்றார், நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிற மாதிரி. தேவாலயத்தில் பிரார்த்தனை முடிந்ததும் வழக்கமாக என் தலையில் ஒரு முத்தம் வைப்பார். அதையும் விட்டுவிட்டார். அங்கே எல்லாருக்கும் எங்களைத் தெரியும். என் ஞானஸ்நானத்தன்று நான் பாதிரியார் மேல் வாந்தி எடுத்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆனாலும் விட்டுவிட்டார். என்னிடமிருந்து ஊர் பாதி அப்பாவைப் பறித்துக்கொண்டது, மீதிப் பாதியை நானே கொடுத்துவிட்டேன் என்று தோன்றியது.

ஜூலையில் அவருக்கு ஊன்றுகோல் தேவைப்படாமல் போனது. சனிக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குப் போகலாம் என்று அவரே கூப்பிட்டார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த கடை. அப்பம், முட்டை, காபி. அவர் எனக்கு நேரெதிரே, மேசையை விட்டு நாற்காலியை ஒரு முழம் தள்ளிப் போட்டு உட்கார்ந்திருந்தார். தட்டுக்குக் கை எட்டவில்லை. பத்தொன்பது வயசு இருக்கும், ஒரு பெண் பரிமாறினாள். சாப்பிட்டு முடித்ததும் வந்து, "ரெண்டு பேருக்கும் ஒரே பில்லா, தனித்தனியா?" என்று கேட்டாள்.

அப்பா மேசையில் அறைந்தார். கோப்பை குதித்துக் காபி கொட்டியது.

"ஒரே பில்லுன்னா என்ன அர்த்தம்? இவ என் பொண்ணு. நான் இவளைப் பெத்..." என்று நிறுத்தி, "வளர்த்தவன்" என்றார். "கண்ணு தெரியலையா உங்களுக்கெல்லாம்?"

"சார், எல்லார்கிட்டயும் இதைத்தான் கேட்போம் சார்." அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது.

கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அதுவரை எங்களைக் கவனிக்காதவர்கள்கூட இப்போது என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். நான் அந்தப் பெண்ணிடம் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன். அப்பா அதற்குள் வெளியே போய் வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

வண்டியைக் கிளப்பிக் கரையோரமாகக் கொஞ்ச தூரம் போய், பாலம் தெரிகிற இடத்தில் நிறுத்தினேன். இந்தத் தடவை கோபம் அவர்மேல்.

"அந்தப் பொண்ணு ஒண்ணுமே சொல்லலையேப்பா."

"எது அது, எது அது இல்லைன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியாதுப்பா. வாழ்நாள் பூரா எனக்கு இதே வேலைதான். ஒருத்தர் சிரிச்சா, ஏன் சிரிக்கிறார்னு பார்க்கணும். ஒருத்தர் கதவைத் தொறந்துவிட்டா, ஏன் தொறக்கிறார்னு பார்க்கணும். அலுத்துப்போச்சு."

"வாழ்நாள் பூராவா?" அவர் என் பக்கம் திரும்பினார். "உங்கம்மா போயி மூணு வருஷம்தானே ஆச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரோடு சேர்ந்து போனபோது நடந்ததை மட்டும்தான் அவரிடம் சொல்லியிருக்கிறேன். நான் தனியாகப் போனபோது நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் கேட்டதுமில்லை.

"பதினாலு வயசுல நகராட்சி நீச்சல் குளத்துல" என்று ஆரம்பித்தேன். "ஒரு ஆள், கூட அவரோட பையன். நான் தண்ணியை விட்டு ஏறி வந்தேன். வியட்நாம் பக்கம் போர்ல இருந்தாராம். உன்னை மாதிரிப் பொண்ணுங்களை எனக்கு நல்லாத் தெரியும், நீங்க எல்லாம் சின்னதா, பட்டு மாதிரி இருப்பீங்கன்னு சொன்னார். நான் ஓடிவந்து அம்மாகிட்ட சொன்னேன்."

"ஆர்டிஸ் என்ன சொன்னா?" அம்மாவின் பெயரைச் சொல்லியே கேட்டார்.

"நீ அழகா இருக்கேன்னு சொல்றார், போய் நன்றி சொல்லிட்டு வான்னு சொன்னாங்க."

அப்பா முன்கண்ணாடியையே பார்த்தார். "அவளுக்கு அது புரிஞ்சிருக்காது."

"புரியலை. அதைத்தான் சொல்றேன். நான் போயி அவருக்கு நன்றி சொன்னேன்ப்பா."

அவர் கதவைத் திறந்து இறங்கினார். கரைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எனக்கு முதுகு காட்டி நின்றார். அம்மாவைப் பற்றிச் சொன்னது அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். இனி இதையும் பேச முடியாது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆளு யாரு? பேரு தெரியுமா?"

"பத்தொன்பது வருஷம் ஆச்சுப்பா. பேரைத் தெரிஞ்சு என்ன செய்யப்போறீங்க?"

"தெரியலை." கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "வேற?"

கல்லூரி விடுதியில் நடந்ததைச் சொன்னேன். முதல் வேலையில் மேலாளராக இருந்தவர் எனக்கு வைத்த பட்டப்பெயரைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அவர் இடையில் புகுந்து, "நீ அங்கேயே ஒரு அறை விட்டிருக்கணும்", "என்கிட்ட அப்பவே சொல்லியிருந்தா" என்றார். "சும்மா கேளுங்கப்பா" என்று நான் கத்தினேன். அதற்கப்புறம் அவர் குறுக்கே புகவில்லை. டிராவிஸ் கதைக்கு வந்தபோது கையை உயர்த்தினார்.

"இன்னிக்குப் போதும். கால் வலிக்குது."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவருக்கு அரை மணி நேரம் தாங்க முடியவில்லை. வீட்டில் கொண்டுபோய் விட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை போன் செய்தார். "வர்றியா? அந்த வாத்தியார் பையன் கதையில நிறுத்தினே" என்றார். வேலை இருக்கிறது என்றேன். வேலை ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வாரம் போனேன்.